வினவும் வகுப்பறை: ஒரு முதன்மையரின் பணி

தலைமைப் பண்பு பிறவியிலேயே அமைவதா, பயிற்சியால் வருவதா என்னும் வினா மிகப் பழமையானது. பயிற்சியால் வரும் என நம்பி அதனைக் கல்வியாக வகுத்த நிறுவனங்களுள் ஒன்று, அமெரிக்காவில் 1908ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹார்வர்டு வணிகப் பள்ளி. அதன் பத்தாவது முதன்மையராக 2010 ஜூலை முதல் 2020 டிசம்பர் வரை விளங்கியவர் நிதின் நோரியா.

இந்தியாவில் 1962இல் பிறந்த இவர், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்றார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1988இல் முனைவரானார். அவ்வாண்டே ஹார்வர்டில் ஆசிரியப் பணி ஏற்றார். மருத்துவர்க்கும் வழக்குரைஞர்க்கும் உள்ளவாறு மேலாளர்க்கும் தொழில்நெறி வேண்டும் என்பது இவர்தம் கொள்கை. ராகேஷ் குரானாவுடன் இணைந்து 2008இல் இதனைக் கட்டுரையாக வரைந்தார்.

அப்பள்ளியில் விரிவுரை குறைவு, உரையாடலே மிகுதி. ஒரு நிறுவனத்திற்கு நேர்ந்த சிக்கலை மாணவர் முன்னரே படித்து வருவர். “அவ்விடத்தில் நீர் இருப்பின் யாது செய்வீர்?” என ஆசிரியர் எவரையேனும் திடீரென வினவுவார். அவர்தம் விடையைச் சிலர் மறுப்பர், சிலர் விரித்துரைப்பர். முடிவெடுக்கும் ஆற்றல் இவ்வாறே வளர்கிறது.

இம்முறை திரைவழி இயலாது என்றே நோரியா முதலில் கருதினார். தம் வாழ்நாளில் அப்பள்ளி இணையவழிக் கல்வியில் இறங்காது என்றும் கூறியிருந்தார். ஆயினும் அக்கருத்தை மாற்றிக்கொண்டார். பேராசிரியர் பரத் ஆனந்த் முன்னின்று நடத்த, 2014 ஜூனில் இணையவழிப் பாடங்கள் தொடங்கின. வணிகப் பகுப்பாய்வு, பொருளியல், கணக்கியல் என்பன அம்மூன்று பாடங்கள். விரிவுரையைப் படம்பிடித்து அனுப்புவதோடு அவர்கள் அமையவில்லை. கற்போர் திரையில் எதிர்பாராது ஒரு வினா தோன்றும். குறித்த நேரத்திற்குள் விடை எழுதுதல் வேண்டும். ஐயங்களைக் கற்போரே ஒருவர்க்கொருவர் தீர்த்துக்கொள்வர். வகுப்பறையின் உயிர்நாடி திரையிலும் துடித்தது.

அதே 2014 ஜனவரியில், அப்பள்ளியில் பெண்கள் மதிக்கப்பெறாமல் வருந்த நேர்ந்தமைக்காக நோரியா பொதுமேடையில் வருத்தம் தெரிவித்தார். பாடச் சிக்கல்களில் முடிவெடுக்கும் தலைமை மாந்தருள் பெண்கள் அப்போது ஏறத்தாழ 9 விழுக்காட்டினராகவே இருந்தனர். ஐந்தாண்டுகளில் அதனை 20 விழுக்காடாக உயர்த்த உறுதியளித்தார். தலைமையைப் போதிக்கும் பள்ளியின் தலைவர் தவற்றை ஏற்றதும் ஒரு பாடமே.

2020 ஜூனில் விடைபெற எண்ணியிருந்த அவர், கொரோனாத் தொற்றின் காரணமாக ஆண்டிறுதிவரை பொறுப்பில் நீடித்தார். அவ்வாண்டு மார்ச்சில் வகுப்புகள் யாவும் இணையவழிக்கு மாறியிருந்தன.

அந்நாள்களில் யானும் திரைவழி யாப்பிலக்கணம் நடத்தினேன். நாற்பது பெயர்களை நோக்கி ஒரு மணி நேரம் பேசினேன். ஒருவரையேனும் பெயர் சொல்லி வினவினேனல்லேன். குறை கருவியில் இல்லை. கற்பித்த என்னிடமே இருந்தது. மாணவச் செல்வங்களே, வினவப்படும்போது தலை கவிழாதீர்! தவறான விடையேனும் எழுந்து நின்று கூறுங்கள். தலைமை அங்கே தொடங்குகிறது.