விலையும் சுவையும்

விலை உயர்ந்த பொருளே சிறந்த பொருள் என்னும் எண்ணம் மக்கள் மனத்திலே ஆழ வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் எத்துணை வலியது, எத்துணைப் பிழையானது என்பதைச் சிவப்பு வைன் எனப்படும் திராட்சை மதுவின் வரலாறு நன்கு காட்டும். மது அருந்துதல் நன்றா தீதா என்பது இன்றைய பேச்சின் பொருளன்று. மலிவாக விற்கப்படும் வைன் ஒன்று தன் விலைக்குத் தக்க தரமுடையதா என்பதை அறியும் வழி யாது? அதனையே இங்கு ஆராய்வோம்.

பிரான்சு நாட்டின் போர்தோப் பகுதி சிவப்பு வைனுக்குப் பேர்பெற்றது. 1855ஆம் ஆண்டில் பாரிசு நகரிலே நடைபெற்ற பொருட்காட்சியின் பொருட்டு, வைன் தரகர்கள் அப்பகுதியின் சிறந்த தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தனர். அவர்கள் கொண்ட அளவுகோல் பெரும்பாலும் சந்தை விலையே. விலை வகுப்பைத் தந்தது. வகுப்புப் பின்னர் விலையைக் காத்தது. மூத்தோன் றொத்சில்ட் என்னும் தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது 1973ஆம் ஆண்டிலேதான்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1976 மே 24ஆம் நாள், பாரிசிலே வைன் வணிகம் செய்துவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர், பிரெஞ்சு வைன்களையும் அமெரிக்காவின் கலிபோர்னிய வைன்களையும் பெயர் மறைத்துப் பிரெஞ்சு நடுவர் ஒன்பதின்மர் முன்னிலையில் வைத்தார். சிவப்பு வைன்களுள் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் தோட்டத்து 1973ஆம் ஆண்டு வைன். மூத்தோன் றொத்சில்டின் 1970ஆம் ஆண்டு வைனுக்கு இரண்டாம் இடமே கிடைத்தது.

பெயரைப் போலவே விலையும் நாவை ஆளுகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்விலே, ஒரே வைனை ஒருமுறை 5 டொலர் என்றும் மறுமுறை 45 டொலர் என்றும் கூறிக் கொடுத்தனர். 45 டொலர் என்று கேட்டபோது, அருந்தியோர் அதனை மிகுதியாக விரும்பினர். மூளையிலே இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியும் மிகுதியாக இயங்கியது. அவர்கள் பொய் கூறினார்களல்லர். அச்சுவையை உணர்ந்தே கூறினார்கள். அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, விலை அறியாது செய்யப்பட்ட 6,000க்கு மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்து நோக்கியது. பயிற்சியற்றோர் விலையுயர்ந்த வைனைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர் என்பது அதன் முடிபு.

ஆயின், விலைக்கு நியாயமான காரணமே இல்லையோ எனின், உண்டு. 225 லீற்றர் கொள்ளும் ஓக்கு மரப் பீப்பா ஒன்றிலிருந்து ஏறத்தாழ 300 போத்தல் வைன் கிடைக்கும். புதிய பீப்பாவோ பல நூறு டொலர் பெறும். எனவே போத்தலுக்குச் சில டொலர் கூடுதல் இயல்பே. குறைந்த விளைச்சலும் நெடுநாட் சேமிப்பும் செலவைப் பின்னும் கூட்டும். இவற்றுக்கு அப்பாற்பட்ட விலை பெரும்பாலும் பெயருக்கும் அருமைக்கும் கொடுக்கும் விலையாகும்.

இனி, சோதிக்கும் முறையைக் கூறுவோம். நான்கு போத்தல்களை ஒருவர் கடதாசியாற் சுற்றி எண்ணிட வேண்டும். அவற்றை முன்னரே 16 முதல் 18 பாகை செல்சியசு வரை குளிர்வித்தல் நன்று. வெப்பம் மிகுந்தால் மதுசாரத்தின் காரமே மேலெழும். கண்ணாடிக் கிண்ணத்தின் மூன்றிலொரு பங்கை நிரப்பி, மெல்லச் சுழற்றி முகர்க. பழமணம் தெளிவாக வருதல் வேண்டும். நனைந்த அட்டையின் பூஞ்சண நாற்றம் தக்கையினால் வந்த குற்றம். காடிநெடி கெட்டுப்போனதன் அறிகுறி. பின்னர் வாயிலிட்டு நோக்குக. புளிப்பு வாயில் நீரூறச் செய்யும். தோலிலும் விதையிலுமிருந்து வரும் துவர்ப்பு, சாயம் மிகுந்த வெறுந்தேநீரைப் போல ஈறுகளை உலர்த்தும். புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை, காரம் ஆகிய நான்கனுள் ஒன்று ஏனையவற்றை அடக்காதிருத்தலே சமநிலை. துப்பிய பின்னரும் இன்சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கணிக்க.

ஒருவரோடொருவர் பேசுமுன், ஒவ்வொருவரும் புள்ளியையும், தாம் அதற்குக் கொடுக்க விரும்பும் விலையையும் எழுதிவிட வேண்டும். உறையை நீக்கியபின் எழுதிய விலையையும் கடை விலையையும் ஒப்பிடுக. எழுதியது கூடுதலாயின் அந்த வைன் இலாபமானது. ஒரே வைனை இரண்டு எண்களில் மறைத்து வைத்தால், நம் நாவின் உறுதியும் விளங்கும். கலிபோர்னியப் போட்டியொன்றிலே, ஒரே போத்தல் வைனை நடுவர்களுக்கு மும்முறை கொடுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழப் பத்திலொருவரே மூன்று முறையும் ஒத்த தரத்தை வழங்கினார். ஆதலால், ஒருமுறை சுவைத்து முடிவு கூறுதல் தகாது.

நேயர்களே, நம் நாட்டுப் பொதுப் பரீட்சை விடைத்தாளிலே மாணவன் பெயரும் பாடசாலையின் பெயரும் இடம்பெறுவதில்லை. சுட்டெண் மாத்திரமே உண்டு. திருத்துவோர் நேர்மையற்றவர் என்பது அதன் கருத்தன்று. நேர்மையுடையோரையும் பெயர் மயக்கும் என்பதாலேயே அவ்வேற்பாடு. மலிந்த வைனுக்கும் அந்நீதியை வழங்கினால், நம் பணத்துக்கு உரிய பயனை நாமே கண்டறியலாம்.