பழைய டீமுக்கு எதிரா இறங்கறப்போ

ஒரு கம்பெனியை விட்டு வந்தா அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நம்ம லாகின் செத்துடும். ஐடி கார்டு, லேப்டாப் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடுவோம். ஆனா அந்த சிஸ்டம் எங்க தொட்டா உடையும்னு நம்ம மண்டைக்குள்ள இருக்கு பாருங்க, அதை எந்த ஹெச்.ஆரும் திருப்பி வாங்க முடியாது. கிரிக்கெட்ல ஒருத்தர் தன்னோட பழைய அணிக்கு எதிரா இறங்கறதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். டிவிலயோ இதுக்குப் 'பழிக்குப் பழி'ன்னு மியூசிக் போட்டுடுவாங்க. எனக்கு அந்தக் கதை ஒட்டவே இல்லை. அஷ்வினை வெச்சுச் சொல்றேன்.

அஷ்வின் 2009லேர்ந்து 2015 வரைக்கும் சென்னை சூப்பர் கிங்ஸ்க்கு ஆடினார். 2011 ஃபைனல் ஞாபகம் இருக்கா? சேப்பாக்கம், எதிர்ல பெங்களூரு. தோனி முதல் ஓவரையே அவர் கையில கொடுத்தார். கெயில் டக் அவுட், கேட்ச் பிடிச்சது தோனி. அப்புறம் 2016, 2017 ரெண்டு சீசன் சென்னைக்குத் தடை. தடை முடிஞ்சு 2018ல திரும்பி வந்தப்போ சென்னை தக்க வெச்சது தோனி, ரெய்னா, ஜடேஜா மூணு பேரை. அஷ்வின் ஏலத்துக்குப் போனார். பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்து கேப்டனும் ஆக்கிடுச்சு. (அந்த டீம்ல அவருக்குக் கீழ ஆடினவர் யாரு? அதே கெயில்.) அடுத்து டெல்லி, 2022ல ராஜஸ்தான்.

இதுல அவர் ராஜினாமா லெட்டர் கொடுத்தது எங்க? நமக்காவது நோட்டீஸ் பீரியட்னு ஒண்ணு இருக்கு. ஐ.பி.எல்.ல ஏலம் முடிஞ்சா சட்டை மாறிடும், அவ்வளவுதான். பழி வாங்கணும்னாலும் யாரை வாங்குவார்?

சரி, 2023 ஏப்ரல் 12க்கு வருவோம். சேப்பாக்கம், சென்னை - ராஜஸ்தான். சென்னை கேப்டனா தோனிக்கு அது 200வது மேட்ச். ஸ்டேடியமே மஞ்சள். ராஜஸ்தான் 175 எடுத்தது, அதுல அஷ்வின் 22 பந்துல 30. அப்புறம் நாலு ஓவர் போட்டு 25 ரன் கொடுத்து ரெண்டு விக்கெட். கடைசி ஓவர்ல சென்னைக்கு 21 வேணும், தோனியும் ஜடேஜாவும் நிக்கறாங்க. சந்தீப் சர்மா எப்படியோ தாக்குப் பிடிச்சார், ராஜஸ்தான் 3 ரன்ல ஜெயிச்சது. ஆட்ட நாயகன், மேற்கு மாம்பலத்துப் பையன் அஷ்வின்.

'பழைய டீமைப் பத்தி எல்லாம் தெரியும், அதான் அடிச்சார்'னு சொல்லலாமா? கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. அன்னைக்கு ஆடின சென்னை டீம்ல, அஷ்வினோட 2015 சென்னை அணில இருந்தவங்க தோனி, ஜடேஜா ரெண்டே பேர். அந்த ரெண்டு பேருமே அவுட் ஆகலை! நியாயம்தானே. அஷ்வினுக்கு அவங்களைத் தெரியற அளவுக்கு அவங்களுக்கும் அஷ்வினைத் தெரியும். அவர் கேரம் பால் போடறப்போ விரல் எப்படிப் போகும்னு ஸ்டம்புக்குப் பின்னாடி உட்கார்ந்து வருஷக்கணக்கா பார்த்தவர் தோனி. ஒரே பாஸ்வேர்டு ரெண்டு பக்கமும் இருந்தா அதுல யாருக்கும் லாபம் இல்லை.

அஷ்வின் எடுத்த ரெண்டு விக்கெட் ரஹானேவும் ஷிவம் துபேவும். ரெண்டும் எல்.பி.டபிள்யூ. இங்கதான் சுவாரசியம்: ரெண்டு பேருமே முன்னாள் ராஜஸ்தான் ஆட்கள். அதாவது பழைய அணிக்கு எதிரா ஆடினது அஷ்வின் மட்டும் இல்லை. ரஹானே அதுக்கு முன்னாடி டெல்லில அஷ்வினோட ஒரே டீம், இந்திய அணிலயும் பல வருஷம் ஒண்ணா இருந்தவர். ஆக, சட்டையை விட, யார் யாருக்கு வலைப்பயிற்சில பந்து போட்டாங்கங்கறது பெரிய விஷயம்.

அதை விடவும் பெரிசு அந்த மைதானம். டீம் எட்டு வருஷத்துல மொத்தமா மாறிடுச்சு. சேப்பாக்கத்துல பந்து எவ்வளவு நின்னு வரும், எவ்வளவு தாழும், இதெல்லாம் சின்ன வயசுலேர்ந்து அங்க போட்டுப் பழகினவருக்குக் கையிலேயே இருக்கு. அன்னைக்கு ஜெயிச்சது அந்த அறிவுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்ப நம்ம கதை. திருச்சில ஐ.பி.எல். கிடையாது, சேப்பாக்கம் போகணும்னா மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். நம்ம ஊர் பேர்ல இருக்கற டி.என்.பி.எல். அணி கூட சேலம், கோவை, திண்டுக்கல்னு வெளியூர்லதான் ஆடுது. 2016லேர்ந்து அது ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி திருச்சி, திருச்சி கிராண்ட் சோழாஸ்னு மூணு பேர் மாத்திடுச்சு. அதுல ஆடினவங்க 'என் பழைய டீம்'னு எதைச் சொல்வாங்களோ. அதனால நமக்கும் சேர்த்து மஞ்சள்தான். ஸ்ரீரங்கத்துல எங்க மாமா வீட்ல அன்னைக்கு மேட்ச் பார்த்தோம். அஷ்வின் ரஹானேவை எடுத்தப்போ மாமா கை தட்ட ஆரம்பிச்சுட்டு, பாதில நிறுத்திட்டார். "நம்ம பையன்தான்டா, ஆனா இன்னைக்கு வேண்டாமே"ன்னார். தமிழ்நாட்ல நிறைய வீட்ல அதே நிலைமைதான் இருந்திருக்கும்.

அமெரிக்க பேஸ்பால்ல இதுக்கு இன்னும் கொடூரமான உதாரணம் இருக்கு. ஜப்பான்காரர் இச்சிரோ, சியாட்டில் மரினர்ஸ்ல பதினோரு வருஷத்துக்கு மேல ஆடினவர். 2012 ஜூலை 23 அன்னைக்கு அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு டிரேட் பண்ணாங்க. அன்னைக்கு ராத்திரி யாங்கீஸுக்கு மேட்ச் எங்க தெரியுமா? சியாட்டில்ல, மரினர்ஸோட. மனுஷன் அதே மைதானத்துல டிரெஸ்ஸிங் ரூம் மாறி, வேற சட்டை போட்டு வந்தார். கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. அவர் ஹெல்மெட்டைக் கழட்டி, குனிஞ்சு வணங்கிட்டு, பந்தை அடிச்சு ஓடினார். மாமாவுக்கு இதைச் சொன்னேன். "அவங்களுக்கு முழுசா தட்ட மனசு வந்திருக்கு"ன்னார்.

அஷ்வினை 2025 சீசனுக்குச் சென்னை 9.75 கோடி கொடுத்துத் திரும்ப எடுத்தது. அந்த சீசன்ல சென்னை கடைசி இடம். ஆகஸ்ட்ல அவர் ஐ.பி.எல்.லேர்ந்து ஓய்வு அறிவிச்சார்.

அடுத்தது ஜடேஜா. 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல 10 ரன் வேணும்னப்போ சிக்ஸும் ஃபோரும் அடிச்சுக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2025 நவம்பர்ல சஞ்சு சாம்சனை வாங்கறதுக்காக அவரையும் சாம் கரனையும் சென்னை ராஜஸ்தானுக்குக் கொடுத்துடுச்சு. 2008ல ஜடேஜா ஐ.பி.எல். ஆட ஆரம்பிச்சதே ராஜஸ்தான்லதான். இனிமே சென்னை - ராஜஸ்தான் மேட்ச்ல அவருக்கு ரெண்டு பக்கமும் பழைய டீம்தான்.