கடல்வழி வந்த குடும்பங்கள்

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். பெண்களின் நகைகளும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவார் பலர் வள்ளங்களில் வந்து, எத்தாளைக் கிராமம் அமைந்துள்ள, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில் கரையேறினர்.

பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. புத்தளத்து மக்கள் தம் வீட்டு உலையில் அவர்களுக்கும் சோறாக்கினார்கள். மறக்கத் தகாத கொடை அது. பிறகு கிடுகுக் கொட்டில்கள், நிவாரண அரிசி.

அது போதாமல் தாய்மார் பிறருடைய வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்தார்கள். அந்தக் கூலியில் பிள்ளைகள் படித்தார்கள்.

2009இல் போர் முடிந்த பின்னும் பல குடும்பங்கள் பிரிந்தே வாழ்ந்தன: வாப்பா மன்னாரில் காடேறிய காணியைத் திருத்த, உம்மா பிள்ளைகளின் படிப்புக்காகக் கற்பிட்டியில்.