85 ஆயிரம் ரூபாய் பத்மினி, எனக்கு 4.68 லட்சம் ஆன கதை: பழைய கார் ஆசை இருக்கிற சம்பளக்காரர்களுக்கு ஒரு நேர்மையான கணக்கு



போன மாசம் வீடியோல பின்னாடி நின்ன அந்த வெள்ளை பிரீமியர் பத்மினியைப் பார்த்துட்டு, "ப்ரோ, அது உங்க காரா? எவ்வளவு ஆச்சு? நானும் ஒண்ணு வாங்கலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வீடியோல ரெண்டு வார்த்தையில சொல்ற பதில் இல்ல இது. அதனால முழுக் கணக்கையும் இங்க எழுதறேன். இதுல நான் பண்ண தப்புதான் அதிகம். அதுல ஒரு தப்பை இனி எந்தப் பணம் குடுத்தும் சரி பண்ண முடியாது.

முதல்ல, ஏன் பத்மினி?

எங்க அப்பா கோயம்புத்தூர்ல ஒரு மில் முதலாளி வீட்டுல 17 வருஷம் டிரைவரா இருந்தாங்க. ஓட்டினது பத்மினி. தினமும் காலைல துடைச்சு, ஆயில் பார்த்து, தண்ணி ஊத்தி, சொந்தக் கார் மாதிரி பார்த்துக்கிட்டாங்க. ஆனா சொந்தமா ஒரு கார் கடைசி வரைக்கும் வாங்கல. எனக்கு வேலை கிடைச்சு நாலு வருஷம் கழிச்சு, 2021 பிப்ரவரியில பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்புல 1984 மாடல் பத்மினி நிக்குதுன்னு தெரிஞ்சுது. விலை 85,000. அப்போ என் சம்பளம் 38,000. அப்பாவை அந்த டிரைவர் சீட்ல உட்கார வெச்சு, "இது உங்க வண்டிப்பா"ன்னு சொல்லணும். இவ்வளவுதான் என் பிளான். கணக்கு எதுவும் போடல.

அதே வாரம் திருப்பூர்ல ஓடுற கண்டிஷன்ல ஒரு பத்மினி 2.4 லட்சத்துக்கு வந்துச்சு. "நம்ம ஊர்ல இதுக்கு இவ்வளவா?"ன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். இப்போ அந்தச் சிரிப்புக்குத்தான் கணக்கு சொல்லப் போறேன்.

செலவுப் பட்டியல்

- கார் விலை: ரூ.85,000
- லாரில ஏத்திட்டு வந்த செலவு: ரூ.6,000
- ஆர்.சி. பேர் மாத்தம், எஃப்.சி., பழைய பாக்கி, அபராதம்: ரூ.18,500
- டிங்கரிங், பெயிண்டிங்: ரூ.1,35,000
- இன்ஜின் (ரீபோர், பிஸ்டன், ஹெட் வேலை, லேத் கூலி): ரூ.62,000
- பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்: ரூ.34,000
- வயரிங், டைனமோ, பேட்டரி: ரூ.21,500
- குஷன், கண்ணாடி ரப்பர், குரோம் பாலிஷ்: ரூ.38,000
- டயர், டியூப்: ரூ.19,000
- பர்சனல் லோன் வட்டி: ரூ.49,600

மொத்தம்: ரூ.4,68,600

கடைசி வரியைக் கவனிங்க. பாதி வேலைல கையில இருந்த பணம் தீர்ந்துடுச்சு. எமர்ஜென்சி ஃபண்டுல இருந்த 60,000-ஐ உடைச்சேன். அதுவும் பத்தல. 15 சதவீத வட்டிக்கு 2 லட்சம், 3 வருஷ லோன். இ.எம்.ஐ. 6,933. எஸ்.ஐ.பி.யை 11 மாசம் நிறுத்தினேன். "பாடியில சின்னச் சின்ன துருதான் தம்பி, அஞ்சு மாசத்துல முடிச்சுடலாம்"னு சொன்ன வேலை 20 மாசம் இழுத்துச்சு.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தரையைப் பிரிச்சா முழுக்க ஓட்டை. கதவுக்குக் கீழ இருக்கிற சில் பகுதியில இரும்பே இல்ல, எல்லாம் பட்டி. ரெண்டு தடவை என்னால பணம் குடுக்க முடியல, அதனால வண்டி ஓரமா நின்னுச்சு. ஓரமா நின்ன வண்டியை மறுபடி உள்ள எடுக்க ரெண்டு ரெண்டு மாசம் ஆச்சு.

திருப்பூர் வண்டியை வாங்கி, 50,000 செலவு பண்ணியிருந்தாக்கூட 2.9 லட்சத்துல முடிஞ்சிருக்கும். கிட்டத்தட்ட 1.78 லட்சம் மிச்சம். முக்கியமா, அடுத்த வாரமே அப்பா ஓட்டியிருப்பாங்க.

பழைய கார்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே பெரிய பாடம் இதுதான்: விலை கம்மியான வண்டிதான் கடைசில விலை அதிகமான வண்டி. இன்ஜினை லேத்துல குடுத்து சரி பண்ணிடலாம். பாடி போனா டிங்கர் கூலி ஏறிக்கிட்டே போகும், நாளும் ஓடும்.

வாங்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

1. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி, பாடி முழுக்க வெச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல இரும்புக்கு மேல பட்டி தடிமனா இருக்கு.

2. மேட்டைத் தூக்கிட்டு தரையைப் பாருங்க. டிக்கில ஸ்டெப்னி வைக்கிற குழி, கதவோட அடிப்பகுதி, ஹெட்லைட்டைச் சுத்தி இருக்கிற இடம், இங்கெல்லாம்தான் தண்ணி தேங்கி துரு பிடிக்கும்.

3. இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தா உஷார். தொடர்ந்து நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலன்னா ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

4. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒப்பிட்டுப் பாருங்க. பழைய லோன் அடமானம் இன்னும் ஆர்.சி.யில இருக்கான்னு பாருங்க. வெளி மாநில வண்டின்னா என்.ஓ.சி., இங்க கட்ட வேண்டிய வரி ரெண்டையும் விலையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

5. ஸ்பேர் கிடைக்குமான்னு விசாரிங்க. பத்மினி பல வருஷம் மும்பை டாக்சியா ஓடின வண்டி. 2023 அக்டோபர் 30-ஓட அங்க டாக்சி ஓட்டம் முடிஞ்சாலும், சாமான் இன்னும் புழக்கத்துல இருக்கு. அம்பாசடர் 2014 வரைக்கும் தயாரான வண்டி, அதுக்கும் பெரிய கஷ்டம் இல்ல. ஆனா நம்ம மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 70கள்லயே நின்னுடுச்சு. அதுக்கு ஒரு கண்ணாடி ரப்பருக்கே அலையணும். புதுப்பேட்டை, உக்கடம் பக்கம் ஒரு ரவுண்டு போய் விசாரிச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

வேலையோட வரிசை ரொம்ப முக்கியம்

நான் முதல்ல பெயிண்ட் அடிச்சேன். அப்புறம் இன்ஜினை இறக்கி ஏத்தும்போது புது பெயிண்ட்ல கீறல், மறுபடி டச்சப் செலவு. சரியான வரிசை இது: முதல்ல பிரேக், ஸ்டீயரிங். அடுத்து துரு வேலை. அப்புறம் இன்ஜின், வயரிங். பெயிண்ட், குரோம், குஷன் எல்லாம் கடைசி. இந்த வரிசைல போனா, நடுவுல பணம் தீர்ந்தாலும் அழகில்லாத, ஆனா ஓடுற வண்டி கையில இருக்கும். என் வரிசைல போனா, அழகான, ஓடாத வண்டிதான் இருக்கும்!

பெட்ரோல் விஷயமும் இருக்கு. இந்தியாவுல 2000-ல ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுச்சு. அதுக்கு முன்னாடி வந்த பல இன்ஜின்கள்ல வால்வு சீட் தேய்மானத்தை அந்த ஈயம்தான் கொஞ்சம் தடுத்துச்சு. அதனால ஹெட் வேலை பண்ணும்போதே கடினமான வால்வு சீட் போடச் சொல்லிடுங்க. இப்போ 20 சதவீத எத்தனால் பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், கார்ப்பரேட்டர் கேஸ்கெட் இதுக்காகச் செஞ்சது இல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்குற ஹோஸ் மாத்திடுங்க, மாசக்கணக்குல டேங்க்ல பெட்ரோலைத் தேங்க விடாதீங்க. வாரம் ஒரு தடவை 20 கிலோமீட்டர் ஓட்டுறதுதான் இதுக்கு மலிவான மெயின்டனன்ஸ்.

வருஷச் செலவு எவ்வளவு?

மாசம் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டுற என் வண்டிக்கு, ஒரு வருஷத்துக்கு:

- இன்சூரன்ஸ்: ரூ.6,500
- ஆயில், பிளக், சி.பி. பாயிண்ட், கார்ப்பரேட்டர் சர்வீஸ்: ரூ.7,000
- டயர், பேட்டரிக்காக ஒதுக்குறது: ரூ.6,000
- திடீர் செலவு: ரூ.15,000
- பெட்ரோல்: ரூ.11,000

மொத்தம் ரூ.45,500. மாசத்துக்கு கிட்டத்தட்ட 3,800 ரூபாய். "திடீர் செலவு"ன்னு எழுதியிருக்கேனே தவிர, அது வராத வருஷமே கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு, 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. பார்த்து ஆர்.சி. புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி, 20 வருஷம் தாண்டின கார்னா மத்திய அரசுக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். பசுமை வரி தனி.

"விண்டேஜ்னு பதிவு பண்ணிடலாமே ப்ரோ?"ன்னு சில பேர் கேக்கறீங்க. 2021-ல வந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் பண்ணாத வண்டிக்குத்தான் அது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு: கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படிப்பட்ட தேவைக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஊர் சுத்தணும்னா சாதாரணப் பதிவுதான் சரி.

இன்சூரன்ஸ்ல, 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐ.டி.வி. நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிறதுதான். செலவு பண்ண பில், போட்டோ எல்லாம் ஃபைல் பண்ணி வெச்சுப் பேசுங்க. சும்மா விட்டா அடிமாட்டு விலைதான் போடுவாங்க.

இது இன்வெஸ்ட்மென்ட்டா?

இல்ல. என் பத்மினிக்கு இதுவரைக்கும் வந்த அதிகபட்ச விலை 3.25 லட்சம். அதே 4,68,600-ஐ 7 சதவீத எஃப்.டி.யில நாலு வருஷம் போட்டிருந்தா 6.14 லட்சம் ஆகியிருக்கும். "விண்டேஜ் விலை ஏறிக்கிட்டே போகும்"னு சொல்றது ரொம்ப அரிதான, பெரிய வரலாறு உள்ள கார்களுக்குப் பொருந்தலாம். நிறைய தயாரான குடும்பக் காருக்கு அந்த நம்பிக்கைல பணம் போடாதீங்க. சொந்த உபயோகக் காரை லாபத்துல வித்தா பொதுவா மூலதன ஆதாய வரி கிடையாதுங்கறது உண்மைதான். ஆனா லாபம் வந்தாத்தானே அந்தச் சலுகை?

டூர் போற மாதிரி, கிடார் கத்துக்கிற மாதிரி, இது ஒரு சந்தோஷச் செலவு. சந்தோஷத்துக்குச் செலவு பண்றது தப்பே இல்ல. முதலீடுன்னு நம்மளையே ஏமாத்திக்கிட்டு, அதுக்காகக் கடன் வாங்குறதுதான் தப்பு.

அப்போ அந்தச் சரி பண்ண முடியாத தப்பு?

வண்டி 2022 அக்டோபர்ல வீட்டுக்கு வந்துச்சு. அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான், சர்க்கரையால அப்பாவோட கண் பாதிச்சிருக்கு, இனி வண்டி ஓட்ட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் 85,000 குடுத்து வண்டி வாங்கின அன்னிக்கு அப்பா தினமும் டி.வி.எஸ். 50-ல மார்க்கெட் போய்ட்டு வந்துட்டிருந்தாங்க.

அப்பா வந்து கதவைத் தொட்டுப் பார்த்தாங்க. டிரைவர் சீட்ல உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, ஸ்டீயரிங்லயே இருக்கிற கியரை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டுப் பார்த்துட்டு இறங்கிட்டாங்க. "நீ ஓட்டு கண்ணு, நான் கேக்கறேன்"னு இடது பக்கம் ஏறினாங்க. அவிநாசி ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் கூடப் போகல, "டைமிங் கொஞ்சம் லேட்டா இருக்குடா. ஏத்தத்துல இழுக்காது, பாரு"ன்னாங்க. அடுத்த நாள் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சமா திருப்பி வெச்சாரு. வண்டி உண்மையிலேயே மாறிடுச்சு.

இப்போ ஞாயித்துக்கிழமை காலைல நாங்க ரெண்டு பேரும் போறோம். வெயில் காலத்துல வண்டி நடுவுல நின்னா, பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடச் சொல்றது அப்பாதான். ஆனா அவங்க ஓட்டி நான் பக்கத்துல உட்காரணும்ங்கறதுதான் என் ஆசை. திருப்பூர் வண்டியை வாங்கியிருந்தா கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் அது நடந்திருக்கும்.

உங்களுக்கு ஆசை இருந்தா, இப்படிப் பண்ணுங்க

- ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் இந்த மூணும் இல்லாம பழைய கார் பக்கமே போகாதீங்க.
- கார் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம், மாசம் 4,000 ரூபாய் ஆர்.டி. கட்டிப் பாருங்க. கட்ட முடியலன்னா, காரையும் வெச்சுக்க முடியாது.
- எஸ்டிமேட் எவ்வளவோ அதுல பாதியைத் தனியா எடுத்து வெச்ச பிறகுதான் வேலையை ஆரம்பிங்க. பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம்.
- பட்ஜெட்ல கிடைக்கிறதுல நல்ல பாடி உள்ள, ஓடுற வண்டியை வாங்குங்க. காத்திருந்தாலும் பரவால்ல.
- முதல்ல ஒரு பழைய ஸ்கூட்டரையோ பைக்கையோ எடுத்துப் பழகுங்க. பாடம் அதேதான், ஃபீஸ் கம்மி.
- வெறும் ஆர்வம்தான்னா, கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல இருக்கிற ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்க. ஆசை அதுலயே தீர்ந்துட்டா நாலு லட்சம் லாபம்!

உங்க வீட்டுல யாரோ ஒருத்தரோட பழைய வண்டி ஷெட்ல நிக்குதா? அதை எடுத்து ஓட்டணும்னு நினைச்சிருக்கீங்களா? எவ்வளவு எஸ்டிமேட் சொன்னாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். அடுத்த வீடியோல அந்த டைமிங் சத்தத்தை அப்பாவே சொல்லிக் குடுக்கறாங்க. மறக்காம பாருங்க.