மின் அரமும் நம் நகங்களும்

மருதோண்டி நகத்தில் எவ்வளவு சிவந்தாலும் தண்ணீரைத் தடுக்காது. ஒட்டுநகம் தடுக்கும். வுழூச் செய்யும்போது நகத்தில் தண்ணீர் படவேண்டும் என்பதால், கல்யாணத்துக்கு ஒட்டுநகம் வைத்த நம் பெண்கள் விருந்து முடிந்த கையோடு அதைக் கழற்ற அவசரப்படுகிறார்கள். அந்த அவசரத்தில்தான் மின் அரம் சொந்த நகத்தைக் கெடுக்கிறது.

மின் அரம் என்பது தடித்த பேனை போன்ற ஒரு கைப்பிடி. அதன் நுனியில் சுழலும் சிறு உலோகத் துண்டைப் 'பிட்' என்பார்கள். சில இயந்திரங்களில் அது நிமிடத்துக்கு 30,000 தடவை சுழலும். நம் விரல் நகமோ ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான்.

என் சாச்சி இந்த வேலையை முறையாகப் பழகியவர். மின் அரத்தை ஒட்டுநகத்தின் மேல்படையில் மட்டும் பாவிப்பார். சொந்த நகத்தில் வைக்கமாட்டார். அழுத்தமாட்டார், ஓரிடத்தில் நிறுத்தவும் மாட்டார். நிறுத்தினால் உரசலில் சூடேறும். நகத்தில் வளையம்போல் பள்ளம் விழும். "சுட்டா உடனே சொல்லுங்க ராத்தா, பொறுக்காதீங்க" என்று முதலே சொல்லிவிடுவார். பொறுத்துக்கொள்வதில் நம் பெண்கள் கெட்டிக்காரிகள். இங்கே அது கூடாத பழக்கம்.

மேல்படை மெலிந்ததும் இயந்திரத்தை வைத்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 20 நிமிடம் விடுவார். அக்ரிலிக் இளகிவிடும். ஜெல்லில் ஒருவகை இப்படி இளகாது, அராவித்தான் எடுக்கவேண்டும். சில நாளில் கழற்ற இருப்பவர்கள் அதை வைக்காமல் விடுவதே நல்லது என்பேன். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும்; அடுப்படியில் வேண்டாம்.

உலோகப் பிட்டை ஒவ்வொருவருக்குப் பிறகும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைக்க வேண்டும். மண்தாள் உறை என்றால் ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பை. பார்லரில் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. தூசி, நாள் முழுக்க அதைச் சுவாசிக்கும் வேலைக்காரருக்குத்தான் பெரிய கேடு. துணி முகக்கவசம் போதாது; என்95 வேண்டும். ஹிஜாபின் தொங்கும் முனையையும் ஊசி குத்தி ஒதுக்கவேண்டும். சுழலும் பிட் துணியை இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

சீனி வருத்தம் உள்ள உம்மம்மாமாரின் கால் நகத்தில் இந்த இயந்திரத்தை வைக்க விடாதீர்கள். உணர்வு குறைந்த காலுக்குச் சூடும் தெரியாது, காயமும் தெரியாது.

மெலிந்த நகத்தை எந்தப் பூச்சும் எண்ணெயும் மீண்டும் தடிப்பாக்காது. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர ஆறு மாதமளவில் எடுக்கும்.