மூளையே இல்லாத ஜீவன்... உலகக் கடலெல்லாம் அதன் வீடு! தெரியுமா?

சுமார் 2,300 மீட்டர் ஆழத்திலிருந்து கயிற்றை மேலே இழுக்கிறார்கள். அதன் கடைசிப் பகுதியில் 13 ஜீவன்கள் தொற்றிக்கொண்டு வருகின்றன! வட அட்லாண்டிக்கில் தந்திக் கம்பி போட வழி பார்க்க, 1860-ல் போன ‘புல்டாக்’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் நடந்தது இது. 300 பாகத்துக்குக் கீழே உயிரே இருக்காது என்று எட்வர்டு ஃபோர்ப்ஸ் சொன்னதைப் பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். இவை வந்ததோ 1,260 பாகத்திலிருந்து, அதாவது அந்த 2,300 மீட்டரிலிருந்து! மேலே வரும் வழியில் ஒட்டிக்கொண்டவையாக இருக்குமோ? கப்பலில் இருந்த வாலிக் என்ற மருத்துவர் அவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்தார். உள்ளே, கடலடிச் சேற்றில் கிடக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகள்! தரையில் மேய்ந்த ஆசாமிகள்தான் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இவைதான் நொறுங்கு நட்சத்திரங்கள். ஆங்கிலத்தில் பிரிட்டில் ஸ்டார். நட்சத்திர மீனுக்குப் பங்காளி முறை. நடுவில் வட்டமான உடம்பு, சுற்றிலும் பாம்பாய் நெளியும் கைகள், பெரும்பாலும் ஐந்து. மூளை கிடையாது. ஆசனவாயும் கிடையாது, சாப்பிட்ட வாய் வழியாகவேதான் கழிவும் போகும்! எதிரி கையைப் பிடித்தால், அந்தக் கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். பிறகு புதுக் கை முளைக்கும்.

எத்தனை இனங்கள் தெரியுமா? இரண்டாயிரத்துக்கும் மேல்! அவற்றில் பாதிக்கு மேல் 200 மீட்டருக்குக் கீழே காணப்படுபவை.

இவற்றைப் பிரித்து அடுக்குவதுதான் பெரிய தலைவலி. நூறாண்டுக்கு மேலாகக் கைத் தகடு, பல், முள் என்று பார்த்துத்தான் குடும்பம் பிரித்தார்கள். அந்த அடுக்கைக் கலைத்துப் போட்டது மரபணு. ஆஸ்திரேலியாவின் டிம் ஓ’ஹாராவும் கூட்டாளிகளும் 2017-ல் ஆறு வரிசைகளாக மொத்தத்தையும் புதிதாக அடுக்கினார்கள். கைகளைக் கிளை கிளையாக விரிக்கும் கூடை நட்சத்திரங்களும் அவற்றின் சொந்தங்களும் எல்லோரிடமிருந்தும் விலகி நிற்கும் தனிக் கூட்டம் என்றல்லவா நினைத்திருந்தோம்? இல்லையாம்! சேற்றில் ஊரும் ஓஃபியூரா வகைகள்தான் அவற்றுக்கு நெருங்கிய உறவு. உருவத்தை நம்பி உறவு சொன்னால் இப்படித்தான் ஆகும்.

இன்னும் கேளுங்கள். 2011-ல் நியூ கலிடோனியா அருகே ஒரு கடலடி மலையில் சிக்கியது ஒன்று. எட்டுக் கைகள், வாயில் வரிசை வரிசையாகப் பற்கள்! ஓஃபியோஜூரா என்று 2021-ல் பெயர் வைத்தார்கள். மற்ற சொந்தங்களிடமிருந்து இதன் வம்சம் பிரிந்து சுமார் 18 கோடி ஆண்டுகள். டைனோசர் காலம்!

நியூசிலாந்துக்குத் தெற்கே மக்வாரி மலைத்தொடரில் இன்னொரு கூத்து. அங்கே ஒரு கடலடி மலையின் உச்சியில் நொறுங்கு நட்சத்திரங்கள் கோடிக்கணக்கில் நெருக்கியடித்து, வேகமாக ஓடும் நீரில் வரும் இரையைக் கைநீட்டிப் பிடித்துத் தின்கின்றன. ‘பிரிட்டில் ஸ்டார் சிட்டி’ என்றே பெயர்!

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு இவை பரவிய விதம்தான். கரையோர இனங்களுக்கு நீரின் வெப்பநிலையே வேலி. ஆழத்தில் அந்த வேலி பெரும்பாலும் இல்லை. எங்கும் குளிர், எங்கும் இருட்டு. 300-க்கும் மேற்பட்ட கடற்பயணங்களில் சேர்த்து அருங்காட்சியகங்களில் வைத்திருந்த சுமார் 2,700 மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்து 2025-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐஸ்லாந்து ஆழ்கடல் இனங்களுக்கு நெருங்கிய சொந்தங்கள் டாஸ்மேனியாவில்! பூமியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கொள்வினை கொடுப்பினை! எப்படி? பல இனங்களின் குஞ்சுகளுக்குத் தாய் கட்டிக்கொடுத்த சத்து உடம்பிலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆழ்கடல் நீரோட்டத்தில் நெடுங்காலம் மிதக்கும். தலைமுறை தலைமுறையாக, லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நகர்ந்திருக்கின்றன.

இனங்கள் எங்கே அதிகம் என்பதிலும் ஒரு தலைகீழ்: ஆழமில்லாத கடலில் வெப்பமண்டலம்தான் முதலிடம், ஆழத்திலோ இரை அதிகம் விழும் மிதவெப்பப் பகுதிகளுக்கே அந்த இடம்.

நம் பக்கத்துக் கடலும் விட்டுப்போகவில்லை. ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற சர்வே கப்பல் இந்தியப் பெருங்கடலில் வாரிவந்த ஆழ்கடல் இனங்களை ரெனே கோலர் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்து எழுதிய நூல் 1899-லேயே கல்கத்தாவில் அச்சானது.

அவ்வளவு ஆழம் நாம் போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் பவளக் கற்களுக்கு அடியிலேயே இவற்றின் சொந்தங்கள் ஒளிந்திருக்கும். கண்ணில் பட்டால் பாருங்கள், கையைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். கைதான் வரும்!