பெயர் ஒன்று, ஆள் வேறு!

ஆரியசாலையில் ‘எஸ். முருகன்’ என்று அழைத்தால் இரண்டு கடைகளிலிருந்து குரல் வரும். அங்கே அது வேடிக்கை, வங்கியிலோ வினை. ஐ.நா. பாதுகாப்பு சபையின் தடைப் பட்டியலோடு வாடிக்கையாளர் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்பது ரிசர்வ் வங்கி விதி. பட்டியலில் உள்ளவரின் பணத்தை முடக்கச் சட்டம் உண்டு.

இந்தச் சோதனைக்கான கருவிகளை இப்போது செயற்கை அறிவு உதவியாளர்களிடமும் கொடுக்கிறார்கள். வேகம் நல்லதே, ஆனால் பெயரை மட்டும் நம்பினால் ஆபத்து. அமெரிக்காவில் கடன் தகவல் நிறுவனம் ஒன்று பெயரை மட்டும் ஒப்பிட்டு, 8,185 பேரைத் தடைப் பட்டியலில் இருக்கக்கூடியவர்கள் என்று குறித்தது. அவ்வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்று 2021இல் தீர்ப்பாயிற்று.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆகவே பிறந்த தேதி, தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றையும் கருவி பார்க்க வேண்டும். முடிவை மனிதரே எடுக்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்புவோர் எல்லா ஆவணங்களிலும் இனிஷியலை ஒரே மாதிரி விரித்து எழுதி வைப்பது நலம்.